ஃபைல் வாங்குவதற்கு முன் லாக்கைக் காட்டுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் 2015 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. டர்போ பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். 84,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஓப்பன் ஏர் ஃபில்டரும், கேட்டலிடிக் கன்வர்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) இல்லாத டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) போட்டிருக்கிறார். இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வைத் தொடவில்லை என்றார். செக் இன்ஜின் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, ஸ்கேன் செய்தால் பி0420 என்ற கோளாறு எண் வருகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வரும், பிறகு நின்றுவிடும். ஒரு கடையில், "ஸ்டேஜ் 2 ட்யூன் போட்டால் லைட்டும் போய்விடும், 160 குதிரைத்திறனும் வரும், ஒரு மணி நேர வேலை, 28,000 ரூபாய்" என்கிறார்கள். இணையத்தில் ஒருவர் ஈ.சி.யு.வின் கணக்குகளைத் திருத்தி எழுதிய ட்யூன் ஃபைலை 7,000 ரூபாய்க்கு அனுப்புகிறேன் என்கிறார். யாரிடம் போகலாம்? முன்னால் பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) வைத்துவிட்டு ட்யூன் செய்தால் நல்லதா? டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்குமா? மாமனார் வீடு ஊட்டி. மாதம் ஒருமுறை மலை ஏறுவேன்.

பதில்:

தம்பி, இரண்டு பேரிடமும் இப்போதைக்குப் போகாதீர்கள். ட்யூனே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பிழைப்பே அதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது 160 குதிரைத்திறனை இல்லை, அந்தக் காலைச் சத்தத்தை. அதை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அந்தக் கடைக்காரர் அதைப் பற்றிக் கேட்டதாகக்கூட எழுதவில்லை.

உங்கள் வண்டியில் இருப்பது ஈ.ஏ.111 வகை 1.2 லிட்டர் இன்ஜின். அதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். இந்த வகை இன்ஜினில் செயின் நீண்டுபோவதும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்வதும் உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் அழுத்தம் ஏறும்வரை செயின் தொங்கி, கவரில் உரசிக் கடகடக்கும். அழுத்தம் வந்ததும் அடங்கிவிடும். நீங்கள் எழுதியது அப்படியே அதுபோல இருக்கிறது. டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் கதவின் லிங்க் ஆடினாலும் இந்த இன்ஜினில் ஒரு கடகடப்பு வரும். ஆனால் அது சூடான பிறகும், ஆக்சிலரேட்டரை விடும்போது கேட்கும். எது என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நல்ல மெக்கானிக் காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்து, வண்டி குளிர்ந்திருக்கும்போது காதை வைத்துக் கேட்க வேண்டும். செயின் என்று தெரிந்தால், ட்யூனுக்கு வைத்திருக்கும் பணம் முதலில் அங்கே போகட்டும். செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதற்குப் பிறகு ஸ்டேஜ் 1 என்ன, 2 என்ன.

அடுத்தது அந்த லைட். பி0420 ஏன் வருகிறது என்று கடையில் யாராவது விளக்கினார்களா? எக்ஸாஸ்ட்டில் கேட்டலிடிக் கன்வர்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. கன்வர்டர் ஒழுங்காக வேலை செய்தால் முன்னால் இருக்கும் ஏற்ற இறக்கம் பின்னால் தெரியாது, பின் சென்சார் அமைதியாக இருக்கும். உங்கள் வண்டியில் கன்வர்டரே இல்லாததால் முன்னால் நடப்பது பின்னாலும் அப்படியே தெரிகிறது. ஈ.சி.யு. சொல்வது உண்மை: "இங்கே கன்வர்டர் வேலை செய்யவில்லை." ஸ்டேஜ் 2 ஃபைல் என்று அவர்கள் விற்பதில் பாதி, அந்தப் பின் சென்சார் சொல்வதைக் கேட்காதே என்று ஈ.சி.யு.வுக்குச் சொல்வதுதான். லைட் அணையும், புகை அப்படியே இருக்கும்.

என் கடையில் கன்வர்டர் இல்லாத வண்டிக்கு ரோட்டில் ஓட்ட ஃபைல் எழுதுவதில்லை. சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், போகட்டும். உங்களுடையது பி.எஸ்.4 வண்டி. புகைப் பரிசோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்கும் கீழே இருக்க வேண்டும். கன்வர்டர் இல்லாமல் ஒழுங்காகச் சோதித்தால் இதில் தேறுவது கஷ்டம். எப்படியோ சர்டிஃபிகேட் வாங்கிவிடலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவும் வண்டியை அனுமதியில்லாமல் மாற்றுவதைப் பற்றியவை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது பின்னதில் உள்ள தண்டனை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், பெரிய விபத்தில் க்ளெய்ம் போடும்போதுதான் உங்கள் முன்னால் வந்து நிற்கும். ஈ.சி.யு.வில் செய்ததைக் கண்ணால் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் இருக்காதீர்கள். கருவியை மாட்டினால் பலதும் தெரிந்துவிடும்.

அதனால் கன்வர்டர் உள்ள டவுன்பைப்பைத் திரும்ப மாட்டுங்கள். முன்பு வைத்திருந்தவரிடம் கேட்டுப் பாருங்கள், பழையதைப் பெரும்பாலும் வீட்டுப் பரணில்தான் போட்டு வைத்திருப்பார்கள். விற்றுவிட்டார் என்றால் புதிது வாங்கத்தான் வேண்டும், செலவு கையைக் கடிக்கும்.

ஓப்பன் ஃபில்டரையும் கழற்றிவிட்டுக் கம்பெனி ஏர்பாக்ஸை மாட்டச் சொல்வேன். டர்போ காற்றை இழுக்கும் அந்த 'ஷ்ஷ்' சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சுகிறது. ஈரோட்டுச் சித்திரை வெயிலில், பெருந்துறை ரோடு சிக்னலில் பத்து நிமிஷம் நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பாருங்கள். இன்ஜின் குடிப்பது அந்தக் காற்றைத்தான்.

பார்ட்ஸ் மாற்றியாகிவிட்டது, ட்யூன் செய்யாவிட்டால் இன்ஜின் கெட்டுவிடுமோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் கொஞ்சம் தெரிகிறது. அந்தப் பயம் சில வண்டிகளுக்கு நியாயம். பழைய சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். போன்ற வண்டிகளில் உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் நேராக அளக்கும். அது இருக்கும் குழாயின் விட்டத்தை மாற்றினால் கணக்கே தப்பும், பெட்ரோல் குறைந்து இன்ஜின் வறண்டு எரியும். அங்கே ட்யூன் இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. உங்கள் போலோவில் அந்த சென்சார் இல்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துத்தான் காற்றைக் கணக்கிடுகிறது. ஃபில்டரை மாற்றியதால் கணக்கு கெடவில்லை. டவுன்பைப்பில் தடை குறைந்ததால் டர்போ கொஞ்சம் சீக்கிரம் சுற்ற ஆரம்பிக்கும், ஆனால் எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வேண்டும் என்பதை இன்னும் கம்பெனி ஃபைல்தான் தீர்மானிக்கிறது. எனவே பதற்றம் வேண்டாம். இன்ஜெக்டரோ டர்போவோ மாற்றியிருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன்.

இன்டர்கூலர் கேள்விக்குச் சின்னப் பதில்தான். முன்னால் பெரிதாக ஒன்றை வைப்பது மற்ற வண்டிக்காரர்கள் பேச்சு. உங்கள் இன்ஜினில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, தண்ணீரால் குளிர்வது. அதற்குத் தனியாகச் சின்ன பம்ப் உண்டு. அந்த பம்ப் ஓடுகிறதா, அந்தச் சுற்றில் காற்று அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருஷ வண்டியில் அதுவே பெரிய வேலை.

சரி, எல்லாம் சரிசெய்த பிறகு ட்யூன். இங்கேதான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் த்ராட்டில் திறக்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வண்டிகளில் அப்படி இல்லை. நீங்கள் மிதிப்பது ஒரு விண்ணப்பம்: "இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) கொடு." ஈ.சி.யு. அதற்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பூஸ்ட், ஸ்பார்க் எப்போது என்று கணக்குப் போடுகிறது. போட்ட கணக்கை கியர்பாக்ஸுக்கும் சொல்கிறது: "இப்போது 170 நியூட்டன் மீட்டர் வருகிறது, தயாராக இரு." உங்கள் ஏழு கியர் டி.எஸ்.ஜி. டி.க்யூ.200 வகை, உலர் க்ளட்ச் இரண்டு. சொல்லப்பட்ட டார்க்குக்கு ஏற்ற அளவுதான் அது க்ளட்ச்சை அழுத்தும். தேவைக்கு மேல் அழுத்தினால் கியர் மாறும்போது குலுங்கும் என்பதால் அளந்துதான் அழுத்தும்.

மலிவு ஃபைல் எழுதுகிறவர் என்ன செய்கிறார்? டார்க் வரம்புகள் ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்து பூஸ்ட்டைக் குறைக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டு ஒவ்வொன்றாகத் திருத்த நேரம் இல்லை. அதனால் ஈ.சி.யு. கணக்கிடும் டார்க்கையே பொய்யாகக் குறைத்துவிடுகிறார். இன்ஜின் 240 கொடுக்கும்போது ஈ.சி.யு. 180 என்று நம்புகிறது, கியர்பாக்ஸிடமும் 180 என்றே சொல்கிறது. அது 180-க்கு அழுத்திய க்ளட்ச் 240-க்கு வழுக்குகிறது. மூன்றாவது, நான்காவது கியரில் மலை ஏறும்போது ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. அப்புறம் கருகல் வாசனை. கடைசியில் பழி மட்டும் டி.எஸ்.ஜி. மேல்.

டி.க்யூ.200 வடிவமைக்கப்பட்டது 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும். கம்பெனி உங்கள் இன்ஜினில் கொடுத்தது 175, குதிரைத்திறன் 105. நடுவில் இடம் இருக்கிறது, ஆனால் முழுவதும் உங்களுக்கு இல்லை. 84,000 கிலோமீட்டர் நகர நெரிசலில் தேய்ந்த க்ளட்ச் அது. நான் எழுதுவதாக இருந்தால் 220 பக்கம் நிறுத்துவேன். குதிரைத்திறன் 130-ஐ ஒட்டி வரும். 160 என்று சொன்னவரிடம், எந்த டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி), எந்த வெப்பத்தில், சக்கரத்திலா இன்ஜினிலா என்று மூன்று கேள்வி கேளுங்கள். அந்தச் சின்ன டர்போ மேல் ஆர்.பி.எம்.மில் மூச்சு வாங்கும். அதை அடித்து விரட்டினால் வருவது காற்று இல்லை, சூடு.

இன்னொன்று. மலிவு ஃபைல்கள் 1,700, 1,800 ஆர்.பி.எம்.மிலேயே டார்க்கைக் குவித்துவிடும். டெஸ்ட் டிரைவில் முதுகை சீட்டோடு அப்பும், உடனே பணம் எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள். சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜினுக்கு ஆபத்தான இடம் அதுதான். குறைந்த ஆர்.பி.எம்., கனத்த லோடு இரண்டும் சேரும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. சாதாரண நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து தட்டுவது) என்றால் சென்சார் கேட்டு, ஈ.சி.யு. டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, பின்வாங்கும். இதற்கு ஸ்பார்க்கே காரணம் இல்லை என்பதால் டைமிங்கைப் பின்வாங்கிப் பயன் இல்லை. ஒரே அடியில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடலாம். டி மோடில் உங்கள் டி.எஸ்.ஜி. வேறு மைலேஜுக்காகச் சீக்கிரம் மேல் கியருக்குப் போய் 1,500-இல் ஓட்டும் பழக்கமுள்ளது. நல்ல ட்யூனர் 2,200 வரை டார்க்கை மெல்ல ஏற்றுவார். ஆயிலும் இதில் சம்பந்தப்பட்டது, ஃபோக்ஸ்வாகன் 502 00 அங்கீகாரம் டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்ரோல் பற்றி அவர்கள் இருவரும் கேட்டார்களா? எந்த பங்கில், எந்த ஆக்டேன் போடுகிறீர்கள் என்பது தெரியாமல் டைமிங் எழுதவே முடியாது. இப்போது சாதாரண பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால் இதற்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு இன்ஜெக்டர் அதிகம் ஊற்ற வேண்டும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். முழு மிதியில் பெட்ரோல் பம்ப் அழுத்தம் தாக்குப்பிடிக்கிறதா என்பதை லாக்கில், அதாவது வண்டி ஓடும்போது ஈ.சி.யு.விலிருந்து எடுக்கும் அளவுகளின் பதிவில்தான் பார்க்க முடியும். 99 ஆக்டேனுக்கு எழுதிய ஃபைலைப் போட்டுக்கொண்டு, மலையடிவாரத்தில் கிடைத்ததை நிரப்பிக்கொண்டு ஏறினால் இன்ஜின் வழி முழுக்க டைமிங்கைப் பின்வாங்கிக்கொண்டே போகும். எப்போதும் கையில் கிடைக்கும் பெட்ரோலுக்குத்தான் எழுதச் சொல்ல வேண்டும்.

ஊட்டி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மேனிஃபோல்டில் 1.8 பார் வேண்டுமென்றால் சென்னையில் டர்போ வெளிக்காற்றை 1.8 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் 2.3 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும், அவ்வளவு சூடாகும். கம்பெனி ஃபைலில் இதற்கென்றே உயரத்துக்குத் தக்க குறைக்கும் அட்டவணை இருக்கிறது. அதை அழித்துவிடும் ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களைப் போல மாதாமாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறவருக்கு அந்த அட்டவணை அப்படியே இருக்கிறதா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டர்போ பெட்ரோல் செடான் வந்தது. பூஸ்ட் கேட்ட அளவுக்கு வரவில்லை. நான் ஃபைலில் வேஸ்ட்கேட்டை இன்னும் மூடச் சொல்லி, பூஸ்ட்டை எட்ட வைத்து, பெருமையாக அனுப்பிவிட்டேன். உண்மையில் ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து காற்று கசிந்திருக்கிறது. அடுத்த வாரம் வேறொரு மெக்கானிக் சர்வீஸில் அதைப் பார்த்து இறுக்கினார், நல்ல வேலைதான் செய்தார். கசிவு நின்றதும் என் ஃபைல் அளவுக்கு மேல் பூஸ்ட் ஏற்றியது. பாலக்காடு ரோட்டில் இரண்டாவது சிலிண்டர் பிஸ்டன் போனது. இன்ஜின் வேலைச் செலவை நான்தான் கொடுத்தேன். ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடித்த கதை. அதிலிருந்து குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி ஸ்மோக் டெஸ்ட் செய்து கசிவில்லை என்று பார்க்காமல் லேப்டாப்பையே திறப்பதில்லை. கம்ப்ரஷன், பிளக், காயில், வால்வின் பின்பக்கம் படியும் கரி, க்ளட்ச் தேய்மானம் எல்லாம் அதே வரிசையில் வரும். இதற்கே அரை நாள் ஆகும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடியும் என்பவர் இவற்றில் எதையும் பார்க்கப் போவதில்லை.

7,000 ரூபாய்க்காரரை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. தூரத்தில் இருந்தபடி லாக் வாங்கிப் பார்த்து, திருத்தி, மறுபடி அனுப்பி, நாலைந்து முறை போய்வந்து முடிக்கும் நல்ல ட்யூனர்கள் இருக்கிறார்கள். இவர் லாக் கேட்டாரா என்பதுதான் கேள்வி. சேஸிஸ் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு ஃபைல் அனுப்புகிறவர் உங்கள் வண்டிக்கு எழுதவில்லை. அதே மாடல் வண்டி ஒவ்வொன்றுக்கும் அதே ஃபைல்தான் போகிறது. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்பதற்கெல்லாம் யாரும் தரம் வகுத்து வைக்கவில்லை, அவரவர் வைத்த பேர். யாரிடம் செய்தாலும் முதலில் உங்கள் ஒரிஜினல் ஃபைலைப் படித்து ஒரு பென் டிரைவில் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

இப்போது செய்ய வேண்டியது இது. செயின் சத்தத்தைப் பார்த்து முடித்து, கன்வர்டரையும் ஏர்பாக்ஸையும் திரும்ப மாட்டிய பிறகு, ஒரு லாக் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆர்.பி.எம்., கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை டிகிரி டைமிங் பின்வாங்கியது, லாம்ப்டா (காற்று-பெட்ரோல் விகிதம்), பெட்ரோல் ரெயில் அழுத்தம், இன்டேக் காற்றின் வெப்பம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். டைமிங் அங்கங்கே இரண்டு மூன்று டிகிரி பின்வாங்கினால் பரவாயில்லை. ஒரே சிலிண்டர் திரும்பத் திரும்ப ஐந்தாறு டிகிரி போனால் அந்த சிலிண்டரில் வேறு வேலை இருக்கிறது.

லாக்கைப் பைபாஸில் எடுக்காதீர்கள். மூன்றாவது கியரில் 6,000 வரை போனால் நூறைத் தாண்டிவிடும். கோவையில் வாடகைக்கு டைனோ கிடைக்கும். செட்டிபாளையத்தில் உள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' பந்தய ட்ராக்கில் பொதுமக்களுக்குத் திறக்கும் நாளில் போனாலும் சரி. கியர் லீவரை மேனுவலுக்குத் தள்ளி, 2,000-இலிருந்து மிதியுங்கள். பெடலின் கடைசியில் 'க்ளிக்' என்று ஒரு தடை இருக்கும், அதை மிதித்தால் மேனுவலிலும் கியர் இறங்கி லாக் வீணாகிவிடும். அதற்கு ஒரு மயிரிழை முன்னால் காலை நிறுத்துங்கள். ஏ.சி.யை அணைக்க மறந்துவிடாதீர்கள்.